கணினிக்குள் ஓர் ஆறு



பிள்ளைகளிடம் ஒரு தாளைக் கொடுத்து இயற்கைக் காட்சி வரையச் சொன்னால் என்ன வரும் என்பது பெற்றோர்களாகிய உங்களுக்குத் தெரியும். இரண்டு முக்கோண மலைகள், நடுவே பாதிச் சூரியன், அங்கிருந்து வளைந்து வளைந்து இறங்கும் ஒரு நீலப் பட்டை. அந்த நீலப் பட்டைதான் ஆறு. தாளில் அது போதும். ஆசிரியரும் நல்ல மதிப்பெண் கொடுத்துவிடுவார். ஆனால் நிலத்தை உருவாக்கும் கணினி மென்பொருளில் அதே பிள்ளை அதே நீலப் பட்டையை இழுத்துவிட்டு, படத்தைப் பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். ஆறு ஒரு குன்றின் மேல் ஏறும், மறுபுறம் இறங்கும், அடுத்த மேட்டிலும் ஏறும். அது ஆறு அல்ல. மண்ணின் மேல் பூசிய சாயம்.

கணினிக்குள் ஆறு எப்படி உண்டாக்கப்படுகிறது என்பதே இன்றைய உரை. இத்தகைய மென்பொருளைக் கணினி விளையாட்டுத் தயாரிப்பவர்கள் பயன்படுத்துகிறார்கள். எங்கும் இல்லாத மலையைத் திரைப்படத்தில் காட்ட விரும்புகிறவர்களும் பயன்படுத்துகிறார்கள். வெள்ளம் எங்கே வரும் என்று கணக்கிடும் பொறியாளர்கள் கையாளுவதும் ஏறத்தாழ இதே முறைதான். விளையாட்டில் ஆறு தவறான இடத்தில் ஓடினால் யாருக்கும் நட்டமில்லை. பொறியாளர் கணக்கில் தவறினால் வீட்டுக்குள் தண்ணீர் வந்து நிற்கும். ஆகவே, இது பிள்ளைகள் விளையாட்டு, நமக்கென்ன என்று வானொலியை அடைத்துவிடாமல் பெரியவர்களும் கொஞ்சம் கேளுங்கள்.

முதலில், கணினி நிலத்தை எப்படி நினைவில் வைத்துக்கொள்கிறது? கணக்கு நோட்டுப் புத்தகத்தில் சதுரக் கட்டங்கள் இருக்கின்றன அல்லவா? அதுபோல நிலம் முழுவதும் கட்டங்களாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எண். அந்த இடம் கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரம் என்பதே அந்த எண். பெரிய எண்கள் கூடியிருந்தால் அது மலை. சிறிய எண்கள் நீளவாக்கில் வரிசையாக இருந்தால் அது பள்ளத்தாக்கு. புல்லும் மரமும் நீரும் பிறகு உடுத்தப்படும் உடைகளே.

இந்த எண்களை உண்மையான நிலத்திலிருந்தும் பெறலாம். 2000-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் எண்டெவர் என்னும் அமெரிக்க விண்வெளி ஓடம் 11 நாட்கள் பூமியைச் சுற்றி வந்து, ரேடார் அலைகளை அனுப்பி நிலத்தின் உயரத்தை அளந்தது. ஏறத்தாழ 30 மீட்டருக்கு ஒரு கட்டம் வீதம் அந்த எண்கள் இன்று இலவசமாகக் கிடைக்கின்றன. நம்முடைய தித்திவாங்சா மலைத்தொடர் அதில் இருக்கிறது. நீங்கள் குடியிருக்கும் தோட்டமும் அதில் இருக்கிறது.

கற்பனை நிலம் வேண்டுமென்றால் கணினியே எண்களை இறைத்துக் கொடுக்கும். பெரிய மேடுபள்ளத்தின் மேல் சிறிய மேடுபள்ளம், அதன் மேல் இன்னும் சிறியது என்று அடுக்கிக்கொண்டே போனால் மலை போலவே தோன்றும் என்பதை உலகறியச் செய்தவர் மாண்டல்புரோ என்னும் கணித அறிஞர். பார்வைக்கு அழகான மலைதான். ஆனால் அதன் மேல் தண்ணீரை ஊற்றிப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். தண்ணீர் ஓடாது. இங்கொரு குட்டை, அங்கொரு குட்டை என்று ஆயிரம் குட்டைகளில் தேங்கிவிடும். ஏன் அப்படி? உண்மையான மலை மழையில் நனைந்த மலை. இலட்சக்கணக்கான ஆண்டுகள் மழை அதை அரித்திருக்கிறது. நம் மலைகளில் பள்ளத்தாக்கு ஒவ்வொன்றுக்கும் வெளியேறும் வாசல் உண்டு. இறைத்துப் போட்ட எண்களில் எத்தனை உச்சியோ அத்தனை குழி. அந்த மலையைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் அதே போலத்தான் தெரியும். நம் மலையைக் கவிழ்த்தால் அப்படித் தெரியுமா? இந்தக் குறையைப் போக்க, கணினிக்குள்ளேயே மழையைப் பெய்ய வைத்து நிலத்தை அரிக்கச் செய்யும் முறைகளை ஆய்வாளர்கள் 1988, 1989-ஆம் ஆண்டுகளில் வெளியிட்டார்கள். இன்றைய மென்பொருள்கள் அந்த வழியில் வந்தவை.

சரி, இனி தண்ணீரை ஓடவிடுவோம். ஒரு கட்டத்தைச் சுற்றி எட்டுக் கட்டங்கள் இருக்கும். நான்கு நேர்ப் பக்கம், நான்கு மூலை. தண்ணீர் எந்தப் பக்கம் போகும்? தாழ்ந்த பக்கம் என்று உடனே சொல்லிவிடுவீர்கள். அதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வலப்பக்கக் கட்டம் 2 மீட்டர் தாழ்வு, மூலைக் கட்டம் இரண்டரை மீட்டர் தாழ்வு என்று வைத்துக்கொள்வோம். மூலைதான் அதிகத் தாழ்வு. ஆனால் வலப்பக்கக் கட்டம் 30 மீட்டர் தூரத்தில் இருக்கிறது. மூலைக் கட்டமோ 42 மீட்டர் தூரத்தில் இருக்கிறது. வகுத்துப் பாருங்கள். வலப்பக்கச் சரிவு 100 மீட்டருக்கு 6.7 மீட்டர், மூலைச் சரிவு 100 மீட்டருக்கு 6 மீட்டர்தான். ஆகவே தண்ணீர் வலப்பக்கம் போகும். தாழ்வைப் பார்த்தால் போதாது, செங்குத்தைப் பார்க்க வேண்டும். 1984-இல் வெளியான இந்த எட்டுத் திசைக் கணக்கு இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. ஆறாம் ஆண்டுப் பிள்ளை போடக்கூடிய கணக்கு. கணினி அதைக் கோடிக்கணக்கான தடவை சலிக்காமல் போடுகிறது, அவ்வளவுதான்.

எட்டுப் பக்கமும் மேடாக இருந்தால்? அதுதான் குழி. குழியில் தண்ணீர் நிரம்பி, சுற்றிலும் உள்ள கரைகளில் எது தாழ்ந்ததோ அதன் வழியே வழியும் வரை மென்பொருள் அந்த எண்ணை உயர்த்தும். அல்லது கரையை வெட்டி வழிவிடும். இந்த வேலை முடியாமல் ஆற்றைத் தேடினால் பாதி வழியிலேயே காணாமல் போய்விடும்.

இப்போது எண்ணும் வேலை. ஒவ்வொரு கட்டத்துக்கும் மேலே இருந்து எத்தனை கட்டங்களின் தண்ணீர் வந்து சேருகிறது என்று கணினி எண்ணுகிறது. உச்சியில் உள்ள கட்டத்துக்கு யாரும் தண்ணீர் தருவதில்லை. கீழே வர வர எண்ணிக்கை பெருகும். 1,000 கட்டங்களின் நீர் சேரும் இடத்தில் ஓடை தொடங்கட்டும் என்று நாம் ஓர் அளவு சொல்லலாம். 30 மீட்டர் கட்டம் என்றால் 1,000 கட்டம் என்பது 90 ஹெக்டேர். நம் பழைய கணக்கில் ஏறத்தாழ 220 ஏக்கர். இவ்வளவு நிலத்தில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழும் தண்ணீர் 90 இலட்சம் லிட்டர். அதில் ஒரு பகுதி மண்ணுக்குள் இறங்கும், ஒரு பகுதி ஓடும். அந்த அளவை 100 கட்டமாகக் குறைத்தால் தோட்டத்தின் மழைநீர்ச் சிற்றோடைகள்கூடப் படத்தில் வந்துவிடும். 10,000 ஆக்கினால் பெரிய ஆறுகள் மட்டுமே மிஞ்சும்.

கிள்ளான் ஆற்றை இப்படி உண்டாக்கிப் பார்க்கலாம். கோலாலம்பூருக்கு வடகிழக்கே உள்ள மலைகளிலிருந்து கணக்கைத் தொடங்கினால், நாம் எந்தக் கோடும் இழுக்காமலே நீர் பல ஓடைகளாகக் கூடி இறங்கி வரும். வழியில் 1958-இல் கட்டி முடித்த கிள்ளான் கேட்ஸ் அணை இருக்கிறது. அணையின் நீர்ப்பரப்பில் எல்லாக் கட்டங்களிலும் ஒரே எண்ணாக இருக்கும். அதற்குக் கீழே அம்பாங் ஆறு வந்து சேரும். பிறகு மஸ்ஜித் ஜாமெக் பள்ளிவாசல் அருகே கோம்பாக் ஆறு வந்து கூடும். அங்கிருந்து சமவெளியில் நெளிந்து, ஏறத்தாழ 120 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த ஆறு மலாக்கா நீரிணையில் கலக்கும்.

இந்த இடத்தில் நம் ஊர்ப் பெயர்களைச் சற்று நினைத்துப் பாருங்கள். மலாய் மொழியில் ‘கோல’ என்றால் ஓர் ஆறு மற்றோர் ஆற்றிலோ கடலிலோ சேரும் இடம். ‘உலு’ என்றால் ஆற்றின் மேற்பகுதி. ‘ஹிலிர்’ என்றால் கீழ்ப்பகுதி. கோலாலம்பூர், கோல கங்சார், உலு லங்காட், உலு சிலாங்கூர், ஹிலிர் பேராக், சுங்கை சிப்புட், சுங்கை பட்டாணி! இந்த நாட்டு மக்கள் ஊருக்குப் பெயர் வைக்கும்போதே நீர் வரும் வழியையும் சொல்லி வைத்திருக்கிறார்கள். கணினி கண்டுபிடிக்கும் கூடுமிடங்களில் பெரும்பாலும் ஒரு ‘கோல’ முன்பே இருக்கிறது.

ஆற்றின் வழி தெரிந்துவிட்டது. இனி படுகையைத் தோண்ட வேண்டும். இதைப் பால் மரம் வெட்டியவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. இன்று பல தோட்டங்களில் பால் மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது; ஆனால் வெட்டின் சரிவு பெரியவர்களின் கைக்கு மறக்குமா? இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்து, ஒட்டு மரத்தில் ஏறத்தாழ 30 பாகைச் சரிவில் வெட்டு இறங்க வேண்டும். சரிவு போதாவிட்டால் பால் கோட்டை விட்டு வழிந்து பட்டையில் ஓடும், மங்குக்கு வராது. ஆற்றுப் படுகையும் அப்படித்தான். தலை முதல் கடல் வரை ஒரு கட்டத்திலாவது எண் ஏறக்கூடாது. ஆனால் பால் வெட்டுக்கும் ஆற்றுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. வெட்டின் சரிவு முழுவதும் ஒரே அளவு. ஆற்றின் சரிவோ மலையில் செங்குத்தாகத் தொடங்கிச் சமவெளியில் இருக்கிறதா இல்லையா என்று கேட்கும் அளவுக்குக் குறைந்துவிடும். மலையில் படுகை குறுகலாகக் கத்தியால் கீறியது போல இருக்கும். சமவெளியில் அகன்று, இரு கரையிலும் தட்டையான நிலம் விரிந்து கிடக்கும். அந்தத் தட்டை நிலத்தை மறந்துவிடாதீர்கள், மறுபடியும் அதற்கு வருவோம்.

பிள்ளைகள் செய்யும் வேறு சில பிழைகளையும் சொல்லிவிடுகிறேன். கீழே போகப் போக ஆறு இரண்டாக, நான்காகப் பிரிவது போல வரைவார்கள். கழிமுகத்தில் அப்படி நடக்கும். மற்ற இடங்களில் ஆறுகள் கூடுமே தவிர பெரும்பாலும் பிரிவதில்லை. ஏரிக்கு இரண்டு மூன்று வாசல் வைப்பார்கள். தண்ணீர் தாழ்ந்த ஒரு வாசலை மேலும் மேலும் அரித்துக்கொண்டு அதிலேயே போய்விடும். வளைவுகளில் வெளிக்கரை அரிக்கப்படும், உட்கரையில் மணல் சேரும் என்பதையும் நினைவில் வைத்தால் ஆறு உயிருள்ளதாகத் தெரியும்.

மழைத்துளி முறை என்று ஒன்று உண்டு. கணினி ஒரு துளியை மலையில் விடுகிறது. துளி வேகமாக ஓடும்போது மண்ணைக் கரைத்துக்கொண்டு போகும். வேகம் குறைந்தால் தூக்கி வந்த மண்ணைப் போட்டுவிடும். ஒரு துளி ஒன்றும் செய்யாது. இலட்சக்கணக்கான துளிகளை விட்டால் மலையில் பள்ளத்தாக்கும் அடிவாரத்தில் மண்மேடும் தாமாகவே வந்துவிடும். மண் எங்கிருந்து போயிற்று என்பதைப் பார்ப்பவர்கள் அது எங்கே போய்ச் சேர்ந்தது என்பதையும் பார்க்க வேண்டும். சிலாங்கூரில் உள்ள கோலகுபுவின் கதை இதற்குச் சான்று. 1883-இல் அணை உடைந்து அந்த ஊர் பெருஞ்சேதம் அடைந்தது. மீண்டும் ஊர் எழுந்தது. பிறகு ஈயச் சுரங்கங்களிலிருந்து வந்த சேறும் மணலும் ஆற்றுப் படுகையில் படிந்து படிந்து மேடாகின. படுகை உயர்ந்தால் தண்ணீர் எங்கே போகும்? ஊருக்குள் வந்தது. 1926-ஆம் ஆண்டின் பெருவெள்ளமும் சேர்ந்துகொண்டது. கடைசியில் ஊரையே மாற்ற வேண்டியதாயிற்று. 1930-களின் தொடக்கத்தில் மேட்டு நிலத்தில் எழுந்த புதிய ஊர்தான் இன்றைய கோலகுபு பாரு. ‘பாரு’ என்றால் புதியது.

கணினி இவ்வளவும் செய்கிறதே, அதை அப்படியே நம்பலாமா என்று கேட்பீர்கள். இங்கேதான் தோட்டத்து மக்களாகிய உங்கள் பங்கு வருகிறது.

2000-இல் விண்ணிலிருந்து அளந்த ரேடார், அடர்ந்த மரங்கள் உள்ள இடத்தில் பெரும்பாலும் மண்ணைத் தொடவே இல்லை. இலைக்கும் கிளைக்கும் மேலேயே பட்டுத் திரும்பிவிட்டது. ஆகவே அந்த எண்களில் 20 மீட்டர் உயரமான பால் மரக்காடு ஒரு மேடு போலத் தெரியும். பக்கத்தில் மறுநடவுக்காக மரம் சாய்த்த இடம் பள்ளம் போலத் தெரியும். கணினி ஆற்றை அந்தப் பள்ளத்துக்குள் திருப்பிவிடும்! தோட்டத்துச் சாலைக்கு அடியில் குழாய் பதித்துத் தண்ணீரைக் கடத்தியிருப்பார்கள். கணினிக்குச் சாலை மட்டுமே தெரியும், அதை அணை என்று எண்ணிக்கொள்ளும். ஒரு கட்டத்தில் ஓர் எண்தான் எழுத முடியும். மேலே சாலை, கீழே நீர் என்று இரண்டு எண்களுக்கு அங்கே இடமில்லை. கோலாலம்பூரில் வெள்ளத்தைத் திருப்புவதற்காக 2007-இல் திறந்த 9.7 கிலோமீட்டர் சுரங்கப்பாதையும் அப்படித்தான். கட்டங்களில் அது இல்லவே இல்லை, தனியாகக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

சமவெளியில் சங்கடம் இன்னும் பெரிது. அந்த உயரங்கள் முழு மீட்டரில் எழுதப்பட்டவை. அரை மீட்டர், கால் மீட்டர் அதில் கிடையாது. கிள்ளான் ஆற்றின் கீழ்ப்பகுதியில் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் 4, 4, 4 என்றே வந்தால் தண்ணீருக்கு வழி எது? கணினி அளவுகோல் வைத்தது போல நேர்க்கோட்டில் ஓர் ஆற்றைப் போட்டுவிடும். அதனால் நேரில் அளந்த ஆற்றின் வழியை வரைபடத்திலிருந்து எடுத்து, அந்தக் கட்டங்களின் எண்களைச் சில மீட்டர் குறைத்துப் படுகையை முன்கூட்டியே வெட்டிவைப்பார்கள். இப்போது விமானத்திலிருந்து லேசர் ஒளியை அனுப்பி, இலைகளின் இடைவெளி வழியே மண்ணின் உயரத்தைச் சென்டிமீட்டர் கணக்கில் அளக்கும் முறையும் வந்திருக்கிறது.

நமக்கு ஒரு சென்டிமீட்டர், இரண்டு சென்டிமீட்டர் எதற்கு என்று நினைக்க வேண்டாம். ஆற்றின் இரு கரையிலும் உள்ள தட்டை நிலத்தைச் சொன்னேன் அல்லவா? அந்த நிலத்தை உண்டாக்கியதே வெள்ளந்தான். பெருமழையில் ஆறு கரை மீறிப் பரவி, கொண்டுவந்த வண்டலைப் போட்டுவிட்டுத் திரும்பும். அந்த நிலம் ஆற்றின் மற்றொரு படுக்கை. எப்போதாவது ஒரு நாள் வந்து படுத்துக்கொள்ளும். 1971 ஜனவரியில் கோலாலம்பூரில் வந்து படுத்தது. 2021 டிசம்பர் 18-ஆம் நாள் பெய்த கடும் மழையில், நம்மவர் பலர் வாழும் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வந்து படுத்தது. அது கிள்ளான் ஆற்றை ஒட்டிய தாழ்ந்த நிலம். மக்கள் மேல்மாடிகளிலும் கூரைகளிலும் ஏறிப் படகுக்காகக் காத்திருந்தார்கள். அத்தகைய இடத்தில் ஒரு வீட்டு வாசல் அரை மீட்டர் உயர்ந்திருப்பதும் தாழ்ந்திருப்பதும் சிறிய செய்தியா? வரைபடத்தில் ஆற்றை வெறும் நீலக் கோடாகப் பார்ப்பவர்களுக்கு, அந்தக் கோட்டுக்கு வெளியே உள்ளதெல்லாம் காய்ந்த நிலமாகத்தான் தெரியும். எண்களைக் கட்டம் கட்டமாகப் பார்ப்பவர்களுக்கு அப்படித் தெரியாது.

ஆகவே பிள்ளைகளே, கணினி விளையாட்டில் மலையும் ஆறும் கட்டுகிறீர்கள் என்றால், அடுத்த முறை நீலத்தை எடுப்பதற்கு முன் நிலத்தைச் சாய்த்துக்கொள்ளுங்கள். கணினி இல்லாத வீட்டிலும் இதைச் செய்து பார்க்கலாம். ஒரு பழைய தட்டில் ஈர மணலை நிரப்பி, ஒரு பக்கத்துக்கு இரண்டு விரல் உயரம் முட்டுக் கொடுங்கள். பழைய டின் ஒன்றின் அடியில் ஆணியால் துளையிட்டுத் தண்ணீர் ஊற்றி, மேற்பக்கத்தில் சொட்டவிடுங்கள். விரலால் வழி போட்டுக் கொடுக்காதீர்கள். பத்து நிமிடம் பொறுத்திருங்கள். ஓடை தானே வழி தேடும், கூடும், அரிக்கும், கீழே விசிறி போல மண்ணைப் பரப்பும். பிறகு ஒரு தீப்பெட்டியை வீடு என்று வைத்து, எந்த இடத்தில் வைத்தால் நனையாது என்று பந்தயம் கட்டிப் பாருங்கள்.

பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் வயதான பாட்டியோ தாத்தாவோ இருந்தால், 1971-இல் அவர்கள் இருந்த இடத்தில் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேளுங்கள். லயத்தின் எந்தப் படிவரை, எந்த மரத்தின் அடிவரை, கோயில் வாசலுக்கு வந்ததா இல்லையா? சொன்னதை ஒரு நோட்டில் ஆண்டும் மாதமும் இட்டு எழுதிவையுங்கள். அந்த லயம் இன்று இல்லாமல் போயிருக்கலாம். அந்த இடம் இருக்கும். வெள்ள வரைபடம் தயாரிக்கிறவர்கள் கணினி சொல்லும் கணக்கைச் சரிபார்க்கத் தேடுவது இத்தகைய அடையாளங்களைத்தான். விண்வெளி ஓடத்தால் அளக்க முடியாமல் போன அந்த எண்ணை உங்கள் பாட்டி முழங்கால் அளவு என்றோ இடுப்பளவு என்றோ சொல்வார். அதை மீட்டர் கோல் வைத்து அளந்து எழுதுவது பிள்ளைகளின் வேலை.